எட்டுப் பாக்கெட் நிலுவை

"அம்மா முடிதான் என் தலையில இருக்குதுன்னு சொன்னியே, அப்பன்னா அம்மா தலையில இப்ப இன்னாப்பா இருக்கும்?"

சுடர்விழி இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஏழு வயது. அவள் அம்மா தையல்நாயகி ஒன்பது நாள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்து ஒன்றரை மாதம் ஆகியிருந்தது. சோறு பிசைந்துகொண்டிருந்த அப்பா அம்மாவாசையின் கை அப்படியே நின்றது. ஆறுதலுக்காகச் சொன்ன வார்த்தையைக் குழந்தை இப்படித் திருப்பிப் பிடிக்கும் என்று அவன் நினைக்கவில்லை. "சாப்புடு பாப்பா" என்றான். பின்னாளில் பெரிய பெரிய அதிகாரிகள் அவனிடம் எழுத்து மூலம் எத்தனையோ கேள்விகள் கேட்டார்கள். அவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு விடை இருந்தது. இதற்குத்தான் இல்லை.

சொன்னது பொய்யும் இல்லை. தாய்க்கும் மகளுக்கும் ஒரே முடி. விரலில் சுற்றி விட்டால் மோதிரம் போல நிற்கிற சுருட்டை. சாரம் பகுதியில் அவர்கள் தெருவில் வேறு யாருக்கும் அப்படிக் கிடையாது. வெள்ளிக்கிழமைதோறும் தாயும் மகளும் வீட்டுப் பின்புறம் தண்ணீர்த் தொட்டியருகே போய் உட்காருவார்கள். ஒரு மணி நேரம் கழித்து, தலையில் திராட்சைக் குலைகள் தொங்குவது போல முடி தொங்க, சிரித்துக்கொண்டு உள்ளே வருவார்கள். அங்கே அவள் எதைத் தேய்த்தாள், எப்படி அலசினாள் என்று அம்மாவாசை ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டு வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம் என்று அப்போது தோன்றவில்லை.

அவள் போன பிறகு அவனே தலை குளிப்பாட்டினான். கடையில் சரமாகத் தொங்கிய ஷாம்புப் பாக்கெட்டில் ஒன்றைக் கிழித்துத் தேய்த்தான். நுரை பொங்கியது. காய்ந்ததும் முடி தேங்காய் நாராகிவிட்டது. சீப்பு வைத்தால் சீப்பின் பல் உடைந்தது. குழந்தை அழவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு, "அம்மா வாரினா வலிக்காது" என்று மட்டும் சொன்னாள்.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுத் தனக்கொடி எட்டிப் பார்த்து, "கிராப்பு வெட்டி வுட்டுருண்ணா. ஆம்பள கையில இதெல்லாம் ஆவுற வேலையா?" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். அம்மாவாசை வீட்டுக் கத்தரிக்கோலை எடுத்துப் பரண்மேல் போட்டான்.

அவன் முன்பு பஞ்சாலையில் அறுந்த நூலை ஒட்டுகிறவன். ஆலை மூடிய பிறகு, நோணாங்குப்பம் படகுத்துறையில் படகேறுகிறவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடும் வேலை கிடைத்திருந்தது. அங்கேதான் நிர்மலாவைப் பார்த்தான். அவளுடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அவள் பாரிசில் பத்து வருஷம் முடி திருத்தும் கடையில் வேலை பார்த்துவிட்டு வந்து, இங்கே பெண்களுக்காக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருந்தாள். உப்புக்காற்றிலும் தண்ணீரிலும் நனைந்து படகிலிருந்து இறங்கியவள் தலையில், மோதிரம் மோதிரமாகச் சுருட்டை. ஒன்றோடொன்று சிக்கவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றி வாங்கும்போது அம்மாவாசை தன்னை மறந்து கேட்டுவிட்டான்.

"மதாம், தப்பா நெனைச்சுக்காதீங்க. இந்த முடிக்கு நீங்க இன்னா போடறீங்க?"

கூட வந்த ஆண்கள் முறைத்தார்கள். அவன் அவசரமாக, "எனக்கில்லீங்க. பொண்ணுக்கு. அம்மா இல்லாத புள்ள" என்றான்.

நிர்மலா அங்கேயே படகுத்துறைப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டாள். "இப்ப இன்னா போடறீங்க? ஷாம்புவா?"

"ஆமாங்க. நல்லா நுரை வர்ற மாதிரி."

"மோன் தியே, கடவுளே!" என்று அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். "சுருட்டை முடிக்கு அது ஆவாதுங்க. இருக்கிற எண்ணெய்ப் பசையெல்லாம் உறிஞ்சிடும். ஷாம்பு போட்டப்புறம் கண்டிஷனர்னு ஒண்ணு போடுவாங்க பாருங்க, வெள்ளையா, க்ரீம் மாதிரி? அதுலயே தலை கழுவுறதுக்குன்னு ஒரு வகை இருக்கு. அத மட்டும் போடுங்க. ஷாம்புவே வாணாம்."

"அழுக்குப் போவுங்களா?"

"அழுக்க எடுக்கிறது நுரை இல்லீங்க, உங்க விரல். நுனி விரலால மண்டையில பொறுமையாத் தேயுங்க. க்ரீம் தலையில இருக்கும்போதே அகலப் பல்லு சீப்பால சிக்கெடுங்க. கீழேந்து மேல போவணும், மேலேந்து கீழ வரக்கூடாது. அப்புறம் தண்ணிய ஊத்து ஊத்துன்னு ஊத்துங்க. நுரையே வராது. பயந்துடாதீங்க."

மறுவாரம் அவளே ஒரு பெரிய பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். பிரான்சிலிருந்து உறவுக்காரர்கள் அனுப்புவதாம். விலை கேட்டவனை, "புள்ள முடி காஞ்சதும் எப்படி இருக்குன்னு வந்து சொல்லுங்க, அது போதும்" என்று அனுப்பிவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவாசை மகளைத் தொட்டியருகே முக்காலியில் உட்காரவைத்தான். உள்ளங்கை நிறைய வெள்ளைக் களிம்பை எடுத்துத் தேய்த்தான். நுரை வரவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனால் கீழிருந்து மேலாகச் சிக்கெடு என்று நிர்மலா சொன்னது அவன் விரல்களுக்குப் புதிதில்லை. பதினெட்டு வருஷம் நூலில் செய்த வேலைதான். ஒரு சிக்கு, அடுத்த சிக்கு என்று ஒவ்வொன்றாக வழுக்கிக்கொண்டு அவிழ்ந்தது. பாதியில் குழந்தை தூங்கிப்போனாள். துண்டால் துவட்டாமல், ஆலையில் கொடுத்த பழைய வேட்டியால் ஒற்றி ஒற்றி ஈரம் எடுத்தான். காய்ந்ததும் திராட்சைக் குலை திரும்பி வந்திருந்தது.

சுடர்விழி கண்ணாடியைப் பார்த்தாள். "அம்மா கை மாதிரியே இருந்துச்சுப்பா."

அம்மாவாசை அன்று மாலை கோயிலுக்குப் போய் எதுவும் கேட்காமல் கும்பிட்டுவிட்டு வந்தான். தெய்வம் சில சமயம் படகிலிருந்தும் இறங்கி வரும் என்று அவனுக்குத் தோன்றியது.

இந்தச் சமயத்தில்தான் மாணவர் தலைத்தூய்மை வாரியம் பிறந்தது.

எதற்காகப் பிறந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. பிறந்தபோதே அதற்கு ஒரு தலைவர், இரண்டு துணைத் தலைவர்கள், ஒரு உறுப்பினர் செயலர், மூன்று ஜீப்புகள் இருந்தன. நுரைக்குள் ஒரு குழந்தை சிரிப்பது அதன் சின்னம். 'நுரைமலர்' அதன் திட்டம். அதன்படி ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு ஷாம்புப் பாக்கெட் தரப்படும். திங்கட்கிழமை காலிப் பாக்கெட்டைத் திருப்பித் தரவேண்டும். அதைப் பள்ளிக்கூடம் பசை தடவி நோட்டில் ஒட்டி வாரியத்துக்கு அனுப்பும். விதி நான்கில் தலை கழுவுதல் என்றால் என்ன என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது: 'வாரியம் வழங்கிய உறையின் உள்ளடக்கம் மாணவர் தலையில் நுரையாக மாற்றப்பட்டு நீரால் நீக்கப்படுதல்.' இதைத் தவிர உலகத்தில் நடக்கும் மற்ற எந்தத் தலைக்குளியலும் தலைக்குளியல் ஆகாது.

ஜனங்கள் வாரியத்தோடு நன்றாகவே ஒத்துழைத்தார்கள். ஒரு வீட்டில் அதை வைத்து மோட்டார் சைக்கிள் கழுவினார்கள். ஒரு வீட்டில் எருமை மாடு குளித்தது. நிறையப் பேர் பெட்டிக்கடையில் பாக்கெட்டைக் கொடுத்து மிட்டாய் வாங்கினார்கள். திங்கட்கிழமை காலையில் அதே கடைக்காரர் பிள்ளைகளுக்குக் காலிப் பாக்கெட்டைக் கடனாகக் கொடுத்தார். பள்ளிக்கூட நோட்டு மாதாமாதம் தடித்துக்கொண்டே போயிற்று. வாரியம் மகிழ்ந்தது.

அம்மாவாசை ஒருவன்தான் தப்பு செய்தான். எட்டு வாரமும் பாக்கெட்டைக் கிழிக்காமல் சேர்த்து வைத்து, தலைமையாசிரியை கலைவாணியிடம் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"எம் பொண்ணு முடிக்கு ஷாம்பு ஒத்துக்கல டீச்சர். வேற ஒண்ணு போட்டுக் கழுவுறன். இது புதுசாவே இருக்கு. இல்லாத புள்ளைங்க யாருக்காவது குடுங்க."

கலைவாணி கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் தன் கைப்பையிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுப்பவர். ஆனால் அந்த எட்டுப் பாக்கெட்டையும் பார்த்ததும், மேசைமேல் யாரோ பாம்பை வைத்துவிட்ட மாதிரி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அய்யோ, இத ஏங்க எடுத்துட்டு வந்தீங்க? குடுத்ததுக்கு நோட்டுல எடம் இருக்கு. காலியானதுக்கு எடம் இருக்கு. திருப்பிக் குடுத்ததுக்கு எடமே இல்லீங்களே!"

"ஒரு கோடு போட்டு எழுதிக்க முடியாதா டீச்சர்?"

"கோடு போடறதுக்கு நான் யாருங்க? கோடெல்லாம் மேலேந்துதான் வரும்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பேசாம சாக்கடையில ஊத்திட்டு வெறும் பாக்கெட்டக் குடுத்துடுங்க. எல்லாரும் அதத்தான் செய்யறாங்க."

"பொய் சொன்னாப்புல ஆயிடுமே டீச்சர். புள்ள பாக்குது."

கலைவாணி பாக்கெட்டுகளை அவன் பக்கமே தள்ளினார். பிறகு பேனாவை எடுத்து, ஏற்கெனவே தட்டச்சு செய்து வைத்திருந்த வாரிய அறிக்கையில் 'நூறு சதவீதம்' என்பதை அடித்துவிட்டு, 'ஒரு மாணவி நீங்கலாக' என்று எழுதினார். அந்த வருஷம் அந்த வாரியத்துக்கு எழுதப்பட்ட ஒரே உண்மையான வாக்கியம் அதுதான்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. 'தங்கள் மகள் எட்டு வாரங்களாகத் தலை கழுவாமல் இருப்பது ஏன்?'

வாரியத்தின் அலுவலகம் பழைய வெள்ளைக்காரக் கட்டடம் ஒன்றில் இருந்தது. உயரமான ஜன்னல், உயரமான கூரை, கூரையிலிருந்து நீண்ட கம்பியில் இறங்கி மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. அம்மாவாசை மகளைக் கூட்டிக்கொண்டு போனான். நிர்மலாவும் பார்லரை மூடிவிட்டு, பாட்டிலோடு வந்திருந்தாள். உறுப்பினர் செயலர் விஜயராகவன் மூவரையும் உட்காரச் சொன்னார். குழந்தைக்கு பிஸ்கட் வரவழைத்தார். அவளை அருகே கூப்பிட்டு, முடியைத் தொட்டுப் பார்த்து, முகர்ந்தும் பார்த்தார்.

"என்ன அழகான முடி! எவ்வளவு சுத்தம்! என் பொண்ணுக்குக்கூட இப்படி இல்ல பாப்பா."

அம்மாவாசைக்கு உயிர் வந்தது. விஜயராகவன் பேனாவைத் திறந்து, 'மாணவியின் தலை நேரில் ஆய்வு செய்யப்பட்டது. கழுவப்படாத நிலை உறுதி செய்யப்பட்டது' என்று எழுதினார்.

"ஐயா, இப்பத்தான நல்லா இருக்குன்னு சொன்னீங்க?"

"அது நான் சொன்னது. ஒரு தகப்பனா சொன்னேன். இது வாரியம் சொல்றது. தலை சுத்தமா இருக்கறது உங்க கண்ணுக்குத் தெரியுது, என் கண்ணுக்குத் தெரியுது. ஆனா வாரியத்துக்குக் கண்ணு கிடையாதுங்களே. வாரியத்துக்கு இருக்கறது பாக்கெட் ஒண்ணுதான்."

நிர்மலா பாட்டிலை மேசைமேல் வைத்தாள். "மொசியே, இதுவும் கழுவுறதுதான். இதப் போட்டு அலசினா அழுக்குப் போயிடும். உலகத்துல எத்தினியோ பேர் இப்படித்தான் கழுவுறாங்க."

"நாங்க விஞ்ஞானத்துக்கு எதிரி இல்லம்மா. சோதனை பண்ணிடலாம்" என்றார் விஜயராகவன்.

வாரியத்திடம் ஒரு சோதனைக் கருவி இருந்தது. சிவப்புக் கோடுகள் போட்ட நீண்ட கண்ணாடிக் குடுவை. டைப்பிஸ்ட் முதலில் அதில் தண்ணீரும் ஷாம்புவும் விட்டு நூறு தடவை குலுக்கினார். நுரை ஏழரைக் கோடு ஏறியது. அறையில் இருந்த ஊழியர்கள் லேசாகக் கைதட்டினார்கள். பிறகு குடுவையைக் கழுவி, நிர்மலாவின் களிம்பை விட்டு நூறு தடவை குலுக்கினார். தண்ணீர் பால் போல ஆனது. நுரை எழவில்லை. பெருந்தன்மையாக இன்னும் ஐம்பது தடவை குலுக்கினார்கள். அப்போதும் எழவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் விஜயராகவன், உண்மையான வருத்தத்தோடு. "ஷாம்புவில சுத்தம் ஏழரை. இதுல சுத்தம் சைபர்."

"அது நுரைங்க! சுத்தம் இல்ல!" என்றாள் நிர்மலா.

"நுரை இல்லாம சுத்தத்தை எப்படிம்மா அளக்கறது? அளக்க முடியாததை எப்படி மேலே அனுப்பறது? மேலே அனுப்ப முடியாத ஒண்ணை நாங்க எதுக்காகச் செய்யணும்? கொஞ்சம் யோசிங்க."

அம்மாவாசை எழுந்து கையைக் கட்டிக்கொண்டான். "ஐயா, நான் அந்த எட்டுப் பாக்கெட்டையும் கீழ ஊத்திட்டு வெறும் கவரக் குடுத்துடறங்க. அதோட முடிச்சுக்குவோம்."

விஜயராகவனின் முகம் வாடிவிட்டது. "என்னப்பா இது? அரசாங்கத்தை ஏமாத்தலாங்கறியா? அதுவும் குழந்தையை வெச்சுக்கிட்டு?"

அம்மாவாசை வெட்கத்தோடு உட்கார்ந்தான்.

கடைசியில் விஜயராகவன் கருணையோடு ஒரு வழி சொன்னார். வருகிற சனிக்கிழமை சுடர்விழியின் பள்ளி மைதானத்தில் நுரைமலர் விழா. முக்கிய விருந்தினர் முன்னிலையில் முன்னூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் தலைக்கு நுரை போடப்போகிறார்கள். சுடர்விழியும் அதில் சேர்ந்து, தன் எட்டு வார நிலுவையை அங்கேயே தீர்த்துவிட்டால் கோப்பு மூடப்படும். இல்லாவிட்டால் கழுவாத தலையைப் பள்ளிக்கூடத்துக்குள் விடுவதற்கு விதியில் இடமில்லை.

அம்மாவாசை கையெழுத்துப் போட்டான். வெளியே வந்ததும் நிர்மலா அவன் தோளைத் தொட்டாள். "ஒரு நாள்தான. அன்னிக்கி ஊட்டுக்கு வந்ததும் நல்லா அலசிட்டு இதப் போட்டு ஊற வுடுங்க. எல்லாம் சரியாயிடும்."

சனிக்கிழமை காலை பள்ளியில் மகளை விட்டபோது அவன் கலைவாணியிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டான். "டீச்சர், நுரை போட்டப்புறம் யாரும் அதுல சீப்பு மட்டும் வெக்காதீங்க. பிச்சிக்கும். சாயந்தரம் நான் வந்து சிக்கெடுத்துக்கறன்."

"சத்தியமா வைக்க மாட்டோம். நீங்க நிம்மதியாப் போங்க" என்றார் கலைவாணி.

அவன் நோணாங்குப்பம் போய்விட்டான். அதற்குப் பிறகு நடந்ததை அவனுக்குப் பலர் பலவிதமாகச் சொன்னார்கள். சேர்த்துப் பார்த்தால் இப்படித்தான் நடந்திருக்கிறது.

பத்தரைக்கு விசில் அடித்தார்கள். முன்னூறு பிள்ளைகள் தலையில் தண்ணீர் தெளித்து, ஆளுக்கு ஒரு பாக்கெட் தேய்த்தார்கள். சுடர்விழியை முன்வரிசையில் தனியாக நிற்கவைத்து, எட்டையும் வரிசையாகக் கிழித்து ஊற்றினார்கள். ஒவ்வொன்று ஊற்றும்போதும் ஒருவர் உரக்க எண்ணினார். விருந்தினர் பத்தே முக்காலுக்கு வருவதாக இருந்தது. ஒன்றே காலுக்கு வந்தார். அவர் வரும்வரை நுரையைக் கழுவக்கூடாது, நுரைதானே விழா. தலை அலச வந்திருந்த லாரித் தண்ணீரில் பெரும்பகுதியை, விருந்தினர் கார் வரும் பாதையில் புழுதி எழாமல் இருக்கத் தெளித்துவிட்டார்கள். பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் நின்றார்கள். சின்னப் பிள்ளைகள் அழுதார்கள். அழக்கூடாது, நுரை கலையும் என்று ஒலிபெருக்கி சொன்னது.

விஜயராகவன் வரவேற்புரை ஆற்றினார். "முன்பெல்லாம் நம் குழந்தைகளின் தலையில் என்ன இருக்கிறது என்று அரசுக்குத் தெரியாது. இன்று தெரியும். ஒவ்வொரு தலையிலும் நாம் வைத்ததுதான் இருக்கிறது!" கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

விருந்தினர் போனபின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கிடைத்தது. எட்டுப் பாக்கெட் தலைக்கு அது எம்மாத்திரம்? மூன்று மணி நேர வெயிலில் சுடர்விழியின் முடி காய்ந்து, இறுகி, ஒரே கட்டியாகக் காதோரம் தொங்கியது. அப்போதுதான் விஜயராகவனுக்கு, நிலுவை தீர்த்த மாணவியை ஒரு படம் எடுத்துக் கோப்பில் வைக்கவேண்டும் என்று ஞாபகம் வந்தது.

"என்ன டீச்சர் இது, பறவைக்கூடு மாதிரி? படத்துல இப்படியா வர்றது? சரி பண்ணுங்க. போட்டோக்காரர் போகணுங்கறார்."

"அவங்க அப்பா வந்து சிக்கெடுப்பாருங்க சார். சீப்பு வைக்க மாட்டேன்னு சொல்லியிருக்கேன்."

"சீப்பு எதுக்கு? கத்தரி இருக்கா?"

கலைவாணி தையல் வகுப்புக் கத்தரியை வரவழைத்தார். வெட்டும்போது அவர் அழுதார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். சீப்பு வைக்கவில்லை.

படம் எடுத்தார்கள். நூறு சதவீதம் என்று எழுதிய பலகை பின்னால் தெரிய, மொட்டைக்குக் கொஞ்சம் குறைவான தலையோடு குழந்தை நின்றாள். விஜயராகவன் கன்னத்தைத் தட்டி, முன்வந்து நிலுவை தீர்த்ததற்காக ஒரு பரிசும் கொடுத்தார். பளபளவென்று காகிதம் சுற்றிய அழகான சீப்பு.

அம்மாவாசை நாலு மணிக்கு வந்தபோது மைதானத்தில் யாருமில்லை. தரை முழுக்கக் கிழிந்த பாக்கெட்டுகள், தண்ணீர்ப் பொட்டலங்கள், காகிதத் தட்டுகள், காய்ந்து வெள்ளைப் பொருக்காகிப்போன நுரை. பூவரச மரத்தடியில் பள்ளிக்கூடம் பெருக்குகிற சின்னப்பாப்பா கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் சுடர்விழி. தலையில் சின்னப்பாப்பாவின் துண்டு சுற்றியிருந்தது.

"தம்பி, கொஞ்சம் மனச கல்லாக்கிக்க" என்றாள் சின்னப்பாப்பா. "கண்ணு எரியுது எரியுதுன்னு துடிச்சிச்சு. எங்கூட்டுலேந்து ரெண்டு கொடம் தூக்கியாந்து ஊத்தினேன். இப்பத்தான் அசந்துச்சு."

அம்மாவாசை துண்டை விலக்கிப் பார்த்தான். மறுபடி மூடினான்.

அவள் தன் பக்கத்திலிருந்த ஒரு துணி மூட்டையை எடுத்து நீட்டினாள். "பெருக்கிக் கொளுத்திடுன்னாங்க. எங்கையால அந்த முடிய எப்பிடிக் கொளுத்துவன்? காத்துல பறந்ததையும் பொறுக்கிட்டேன். இந்தா, எடுத்துட்டுப் போ. இது குப்ப இல்ல."

குழந்தை விழித்துக்கொண்டாள். அப்பாவைப் பார்த்ததும் எழுந்து, ஒரு கையால் தலையைத் தடவினாள். "தலை லேசா இருக்குப்பா" என்றாள். "அம்மா எறங்கிப் பூட்டாங்க போல."

அவன் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். தன் முகத்தை அவளுக்குக் காட்டாமல் இருக்க அது ஒன்றுதான் வழி.

வாசல்வரை கூட வந்த சின்னப்பாப்பா மைதானத்தைத் திரும்பிப் பார்த்து, தனக்குத்தானே பேசிக்கொள்வது போலச் சொன்னாள். "வேலைய வுட்டுட்டு மரத்தடியில குந்திக்கினு இருக்கேன்னு அந்த ஆபீசர் பாத்துட்டாரு. திங்கக்கெழம மணி அடிக்கறதுக்குள்ள கிரவுண்டு துப்புரவா இல்லன்னா வேற ஆள வெச்சுக்கன்னு டீச்சராண்ட சொல்லிட்டுப் பூட்டாரு. நாளைக்கு கனகசெட்டிக்குளத்துல எம் பொண்ணுக்கு வளைகாப்பு. அத எப்பிடி வுடறது? திங்கக்கெழம வெடிய வந்து எவ்வளவு முடியுதோ பாக்கணும். ஒரு ஆளு ஒரு வேளையில வாருற குப்பையா இது? நீ போ தம்பி. புள்ளைக்கு சூடா எதனா குடு."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. படகுத்துறையில் கூட்டம் நெரிகிற நாள். அம்மாவாசை உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினான். ஆலையிலும் படகுத்துறையிலுமாக இருபது வருஷத்தில் அவன் சொன்ன முதல் பொய் அதுதான். சொல்லும்போது நெஞ்சு உறுத்தவில்லை. மகளைத் தனக்கொடி வீட்டில் விட்டுவிட்டு, ஊர் சாப்பிட்டுவிட்டு அசந்திருக்கும் நடுப்பகலில் பள்ளிக்கூடத்துக்குப் போனான். சுற்றுச்சுவர் இடிந்த இடம் ஒன்று இருந்தது. உள்ளே யாருமில்லை. கழிப்பறைச் சுவரில் சாய்த்திருந்த தென்னந்துடைப்பத்தை எடுத்தான்.

மேடையிலிருந்து ஆரம்பித்தான். பாக்கெட்டுகளைக் குவித்தான். ஒட்டிக்கொண்டு வராததைக் குனிந்து விரலால் பிய்த்தான். சாக்கில் அள்ளி அள்ளி, தெருமுனைக் குப்பைத்தொட்டிக்குப் பதினோரு தடவை நடந்தான். காய்ந்த நுரை துடைப்பத்துக்கு அசையவில்லை. அடிகுழாயில் தண்ணீர் அடித்து வாளி வாளியாக ஊற்றித் தேய்த்தான். ஊற்றிய இடமெல்லாம் மறுபடி நுரைத்தது. அது அடங்கும்வரை நின்று, மறுபடி ஊற்றினான்.

அவன் குப்பையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. குழந்தையை நிறுத்தி வெட்டிய இடம் எதுவென்று அவனுக்குத் தெரியாது. அதனால் மைதானம் முழுவதும் தேடினான். படிக்கட்டு இடுக்கு, மரத்து வேர், மேடைக்குக் கீழே, கம்பிவேலி ஓரம் என்று எங்கும் பார்த்தான். நூலில் மயிரிழைப் பிசிறைக் கண்டுபிடித்துப் பழகிய கண் அது. அப்படியும் ஒரு சுருள் கிடைக்கவில்லை. ஒற்றை முடிகூடக் கிடைக்கவில்லை.

வேலி ஓரத்தில் அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். கண்ணெரிச்சலில் துடிக்கிற பிள்ளைக்குத் தண்ணீர் சுமந்து ஊற்றிவிட்டு, அறுபது வயதை நெருங்கிய அந்தப் பொம்பளை இவ்வளவு பெரிய தரையில் எத்தனை தடவை குனிந்து நிமிர்ந்திருப்பாள்? நேற்று அவளுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்லவும் தனக்கு வாய் வரவில்லையே என்று நினைத்தான்.

வெயில் இறங்கத் தொடங்கியது. எழுந்து மிச்சத்தையும் பெருக்கினான். வகுப்பறை வாசல்களுக்கும், யாரும் சொல்லாத கழிப்பறை வழிக்கும் தண்ணீர் தெளித்தான். பூவரச மரத்தடியில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை பெருக்கினான். துடைப்பத்தைத் தட்டி, ஈரத்தை உதறி, இருந்த இடத்திலேயே இருந்த மாதிரியே சாய்த்து வைத்தான். சுவர் இடிந்த இடத்தில் ஏறி மறுபக்கம் இறங்கி, கையைக் கழுவிக்கொண்டு, மகளைக் கூட்டி வரத் தனக்கொடி வீட்டுக்கு நடந்தான்.